அட்லஸ் எதைச் சுமந்தான்?

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

'அட்லஸ்' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்து நிலப்படப் புத்தகம். எலும்பு மருத்துவருக்கு அது கழுத்தின் முதல் எலும்பு. விண்வெளித் துறையில் அது ராக்கெட், கணினி வரலாற்றில் மான்செஸ்டரில் ஓடிய ஓர் இயந்திரம், பூச்சியியலில் ஓர் அந்துப்பூச்சி. சனிக்கோளுக்கு அந்தப் பெயரில் ஒரு நிலா உண்டு. பெயர் வைத்த துறைகளில் பல, கிரேக்கப் புராணத்தின் ஒரே ஆளிடமிருந்து வெவ்வேறு குணத்தை எடுத்துக்கொண்டன. எதை எடுத்தார்கள், எடுத்த காரணம் இன்றைக்கும் நிற்கிறதா என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஆளைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். அட்லஸ் ஒரு டைட்டன், அதாவது கிரேக்கக் கடவுள்களில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவன். ஐயாபெடஸின் மகன், நெருப்பைத் திருடிய புரொமீதியஸின் உடன்பிறந்தவன். பூமியின் எல்லையில் நின்று, கடவுள்களின் அரசன் ஸியூஸ் விதித்த தண்டனைப்படி, தலையாலும் தளராத கைகளாலும் அகன்ற வானத்தைத் தாங்குகிறான் என்கிறார் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட். அவன் தாங்குவது வானத்தை, பூமியை அல்ல. உலக உருண்டையை முதுகில் ஏற்றிக் குனிந்து நிற்கும் ஆளைப் படங்களில் பார்த்துப் பழகிவிட்டதால் இந்தத் தவறு எங்கும் ஊறிக்கிடக்கிறது. வினாடி வினாக்களில்கூடத் தவறான விடைக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபார்னீஸ் அட்லஸ் சிலையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியப் பளிங்குச் சிலை அது. தோளில் இருக்கும் உருண்டையின் விட்டம் சுமார் 65 செ.மீ. அதில் கண்டமும் இல்லை, கடலும் இல்லை. காளை, நண்டு, கப்பல் என்று விண்மீன் கூட்டங்களின் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த உருவங்கள் நாம் தரையிலிருந்து பார்ப்பதற்கு இடவலம் மாறி இருக்கும். வானத்தை வெளியே நின்று பார்ப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் 1937இல் நிறுவிய வெண்கல அட்லஸும் வளையங்களாலான வானக்கோளத்தைத்தான் தூக்கி நிற்கிறான்.

அப்படியானால் நிலப்படப் புத்தகத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1570இல் நிலப்பட வரைஞர் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட தொகுப்பைத்தான் முதல் நவீன நிலப்படத் தொகுப்பு என்கிறோம். அதற்கு அவர் வைத்த பெயர் 'உலக அரங்கு' என்ற பொருளில் அமைந்தது. 'அட்லஸ்' என்ற தலைப்பைப் பெற்றது இன்னொரு நிலப்பட வரைஞரான மெர்கேட்டரின் தொகுப்பு. அவர் 1594 டிசம்பரில் காலமானார். 1595இல் மகன் ருமோல்ட் அதை அச்சேற்றினார். மெர்கேட்டர் மனத்தில் இருந்தவன் தண்டனை பெற்ற டைட்டன்கூட அல்ல. வட ஆப்பிரிக்காவின் பழைய மொரிட்டானியாவை ஆண்டதாகச் சொல்லப்பட்ட அட்லஸ் என்ற அரசன், வானியலிலும் தத்துவத்திலும் தேர்ந்தவன், முதல் வானக்கோளத்தைச் செய்தவன் என்று கதை பெற்றவன். ஆக, நிலப்படப் புத்தகம் அட்லஸிடமிருந்து எடுத்துக்கொண்டது தோள் வலிமையை அல்ல, அறிவை. எனக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்திருக்கிறது. பிற்காலத்தில் மூளை அட்லஸ், பறவை அட்லஸ் என்று படத்தொகுப்புகளுக்கெல்லாம் பெயர் பரவியது இந்த வழியில்தான்.

இனி கழுத்துக்கு வருவோம். இங்கே பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடை இருக்கும். அதை நேரடியாகத் தாங்குவது முதல் கழுத்து முள்ளெலும்பு. மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்பக்கம் தடித்த உடல்பகுதி ஒன்று இருக்கும், பின்பக்கம் முள்போல் ஒரு நீட்சி இருக்கும். அட்லஸுக்கு இரண்டும் கிடையாது. முன்வளைவு, பின்வளைவு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த எலும்புத் திரள்கள், அவ்வளவுதான். மொத்தத்தில் ஒரு வளையம். இதற்கு உரிய உடல்பகுதி கரு வளர்ச்சியின்போதே அடுத்த எலும்பான 'ஆக்ஸிஸ்' உடன் சேர்ந்து, பல்போல மேல்நோக்கி நீண்டுவிடுகிறது. அந்தப் பல் அட்லஸ் வளையத்துக்குள் நுழைந்து நிற்கும். குறுக்கே ஒரு தசைநார் அதை இழுத்துப் பிடித்திருக்கும்.

நீங்கள் 'ஆமாம்' என்று தலையை மேலும் கீழும் அசைக்கும்போது மண்டையோடு அட்லஸின் குழிவான இரு பள்ளங்களில் உருள்கிறது. 'இல்லை' என்று பக்கவாட்டில் ஆட்டும்போது மண்டையோடும் அட்லஸும் சேர்ந்து அந்தப் பல்லைச் சுற்றித் திரும்புகின்றன. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது.

இது எப்படி உடைகிறது என்பதை, ஆற்றிலும் கிணற்றிலும் தலைகீழாகக் குதிக்கும் இளைஞர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் பாய்ந்து உச்சந்தலை தரையில் மோதினால், மேலிருந்து தலையும் கீழிருந்து உடம்பும் அட்லஸை நசுக்குகின்றன. பக்கத் திரள்களின் பரப்புகள் சாய்வாக அமைந்திருப்பதால் நேர்க்குத்து அழுத்தம் பக்கவாட்டு விசையாக மாறி வளையத்தை வெளிப்பக்கமாகப் பிளக்கும். 1920இல் இதை விவரித்த பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜெஃபர்சன் பெயரில் 'ஜெஃபர்சன் முறிவு' என்கிறார்கள். துண்டுகள் வெளியே விலகுவதால் தண்டுவடத்துக்கு இடம் கிடைத்து, பலருக்குக் கைகால் செயலிழக்காமல் தப்பிவிடுகிறது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. 'கைகால் அசைகிறதே, ஒன்றுமில்லை' என்று ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. தலை மோதியவர் கழுத்து வலி என்று சொன்னால், தலையையும் கழுத்தையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் பிடித்து, பலகையில் கிடத்தித்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வாயைத் திறக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இருபக்கத் திரள்களும் ஆக்ஸிஸுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளப்பார்கள். இரண்டையும் கூட்டினால் சுமார் 7 மி.மீ.க்கு மேல் போனால் குறுக்குத் தசைநாரும் அறுந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இப்போது சிடி ஸ்கேன்தான் முதன்மை.

அடுத்தது ராக்கெட். அமெரிக்காவின் முதல் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு 1951இல் அட்லஸ் என்று பெயரிட்டார்கள். வலிமைக்காக வைத்த பெயர் என்பது பாதி உண்மை. அதைக் கட்டிய கான்வேர் நிறுவனத்தின் தாய் நிறுவனம் அட்லஸ் கார்ப்பரேஷன் என்பது மறுபாதி. ஆனால் உள்ளே பார்த்தால் இந்த அட்லஸுக்குத் தன்னையே தாங்கிக்கொள்ளும் தெம்பு கிடையாது. பொறியாளர் கரேல் போசார்ட் எடையைக் குறைப்பதற்காக உள்சட்டங்களை எடுத்துவிட்டு, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் எரிபொருள் கலத்தை, அதாவது தொட்டியை, செய்தார். காற்றடைத்த பலூன்போல உள்ளழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்தது. காலியாக இருக்கும்போதும் வாயுவை ஏற்றி அழுத்தத்தைக் காக்க வேண்டும், அல்லது இரு முனையிலும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு வால்வு சரியாக வேலை செய்யாவிட்டால் போதும், கதை முடிந்தது. 1963 மே மாதம் கலிபோர்னியாவின் வான்டன்பர்க் ஏவுதளத்தில் ஓர் அட்லஸ் ராக்கெட் ஏவுமேடையிலேயே அழுத்தம் இழந்து சுருண்டு விழுந்தது.

1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றி வந்தது இந்தப் பலூன் கலத்தின் மேல் உட்கார்ந்துதான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதே எஃகுத் தோலில் துரு ஏறாமல் காக்க உதவிய திரவம்தான் கதவுக் கீலுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் நாம் அடிக்கும் டபிள்யூடி-40. 2002இல் பறக்கத் தொடங்கிய அட்லஸ் 5 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் இந்த முறையைக் கைவிட்டு, தானே நிற்கும் அலுமினியக் கலம் வைத்தார்கள். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ஊர்திகளை ஏற்றிச் சென்றது அதுதான்.

மான்செஸ்டர் கணினியின் பெயரில் சுமைக்கு வேலையே இல்லை. முதலில் அந்தத் திட்டத்துக்கு 'மியூஸ்' என்று பெயர். ஃபெரான்டி நிறுவனம் சேர்ந்ததும் அட்லஸ் ஆயிற்று. பெகாசஸ், பெர்சியஸ், ஓரியன் என்று புராணப் பெயர் வைப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைத்தார்கள். முதன்மை நினைவகம் 16,384 சொற்கள் (கணினி ஒரு வீச்சில் கையாளும் தரவுத் துண்டைச் 'சொல்' என்பார்கள்). 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாக அதைப் பிரித்திருந்தார்கள். மற்றவை சுழலும் காந்த உருளையில் இருக்கும். நிரல் கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வேலை நின்று, உருளையிலிருந்து அது தானாக வந்து சேரும். நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும். இன்று உங்கள் கைப்பேசியில் இயங்கும் மெய்நிகர் நினைவகம் அங்கிருந்துதான் கிளைத்தது.

அந்துப்பூச்சிக்கு 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது அதன் பேருருவத்துக்காக. இறக்கை விரிப்பு 24 செ.மீ.யை எட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது இதன் நெருங்கிய உறவான டாப்ரோபானிஸ் என்ற இனம். முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயுறுப்பு இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஓரிரு வாரம் வாழ்ந்து முடிக்கும். ஆகவே வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்தால் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்துப் பயனில்லை, தொடாமல் விட்டுவிடுங்கள்.

சனியின் நிலாவை 1980இல் வாயேஜர் விண்கலம் எடுத்த படங்களில் கண்டுபிடித்தார்கள். குறுக்களவு 30 கி.மீ. அளவுதான். சனியின் வளையங்களில் ஒன்றான 'ஏ' வளையத்தின் வெளிவிளிம்பை ஒட்டிச் சுற்றுவதால், வளையத்தைத் தாங்கிப் பிடிப்பது இதுதான் என்று எண்ணி அட்லஸ் என்றார்கள். பின்னால் கணக்கிட்டபோது அந்த விளிம்பைக் காப்பது ஜேனஸ், எபிமீதியஸ் என்ற வேறு இரண்டு நிலாக்களின் ஈர்ப்பு என்று தெரிந்தது. காரணம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. கார்த்திகை விண்மீன் கூட்டத்திலும் ஓர் அட்லஸ் உண்டு. கிரேக்கருக்கு அந்தக் கூட்டம் அவனுடைய ஏழு பெண்கள். பைனாகுலரில் பார்த்தால் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இரண்டு விண்மீன்கள் அடுத்தடுத்துத் தெரியும். பளிச்சென்று இருப்பது அட்லஸ், அருகே மங்கலாக இருப்பது அந்தப் பெண்களின் தாய் பிளையோனி.

கடைசியாக, இன்று செய்தி வாசிக்கும் எல்லோருக்கும் குழப்பம் தருகிற வால்மீன்கள். இங்கே அட்லஸ் என்பது புராண ஆள் இல்லை. பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களைத் தேடும் ஹவாய் பல்கலைக்கழகத் தொலைநோக்கி அமைப்பின் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம். வால்மீனுக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது மரபு என்பதால், அந்த அமைப்பு கண்டுபிடித்தவை பலவும் 'அட்லஸ் வால்மீன்' ஆகிவிடுகின்றன. 2020 ஏப்ரலில் சூரியனை நெருங்கும் முன்பே துண்டுதுண்டாகச் சிதறியது சி/2019 ஒய்4. 2024 அக்டோபரில் மாலை வானில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது சி/2023 ஏ3. சீன வானாய்வகம் ஒன்றின் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் சிக்கிய 3ஐ/அட்லஸ் நம் சூரியக் குடும்பத்துக்கே வெளியிலிருந்து வந்தது. 'அட்லஸ் வால்மீன்' என்று மட்டும் எழுதிய செய்தியை நம்பி மொட்டைமாடி ஏறாதீர்கள். ஆண்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டைத் தேடிப் பாருங்கள்; அது இல்லாத செய்தியில் எந்த வால்மீனைச் சொல்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிச் சுவரொட்டியோ துண்டறிக்கையோ தயாரிக்கும் ஆசிரியர்கள் அந்தக் குறியீட்டைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.