பழைய பிக்கப்பில் ஹெட்லைட் சாக்கெட் உருகுவது ஏன்? வயரிங்கை எப்படி மாற்றுவது? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பழைய பிக்கப் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து. "ஹெட்லைட் மஞ்சளாக, மங்கலாகத்தான் எரிகிறது. பல்பைக் கழற்றினால் பின்னால் இருக்கும் சாக்கெட் பழுப்பேறி ஒரு ஓரம் உருகியிருக்கிறது. புதுச் சாக்கெட் போட்டு 100/90 வாட் பல்பு மாட்டினால் போதுமா, இல்லை வயரிங்கையும் மாற்ற வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

100/90 பல்பை இப்போது வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் வெளிச்சம் குறைவதற்குக் காரணம் பல்பு இல்லை. பேட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் மின்சாரம் வருகிற வழியில்தான் அது தொலைகிறது. உருகிய சாக்கெட்டே அதற்குச் சாட்சி.

எச்4 வகைப் பல்பு என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய பிக்கப்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட், பின்னால் மூன்று தகடு. 12 வோல்ட் வண்டியில் பிரைட் எரியும்போது ஒரு பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிளிப் வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, பிடிப்பு தளர்ந்து, மேலே கறுப்பும் படிந்துவிடும். அங்கே வெறும் 0.2 ஓம் தடை வந்தால் போதும், அந்த ஒரே இடத்தில் 1 வோல்ட் காணாமல் போகும். 5 வாட் சூடும் அங்கேயே கிளம்பும். விரல் நுனி அளவு இடத்தில் 5 வாட் என்பது பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி இளக வைக்கப் போதுமானது. சூட்டில் கிளிப் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும், சூடும் அதோடு ஏறும். ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காது.

இதே இடத்தில் 100 வாட் பல்பை மாட்டினால் என்ன ஆகும்? மின்னோட்டம் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே தடையில் சுமார் 2.8 மடங்கு சூடு. சாக்கெட் மட்டுமில்லை, ஸ்டியரிங் பக்கம் இருக்கும் சுவிட்சும் சேர்ந்து கருகும். ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவும் தாங்காது. பல நாடுகளில் இந்தப் பல்புக்குச் சாலையில் அனுமதியும் இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்து அளந்து பாருங்கள். இஞ்சின் ஓடட்டும், டிம் எரியட்டும். பல்பு சாக்கெட்டிலேயே மாட்டியிருக்க வேண்டும், இது முக்கியம். கழற்றிவிட்டு அளந்தால் எவ்வளவு கெட்ட வயரிலும் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், நாமும் ஏமாந்துவிடுவோம். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையைச் சாக்கெட்டின் பின்பக்கமாக நுழைத்து டிம் தகட்டில் தொடுங்கள். வயர் எட்டவில்லை என்றால் ஒரு துண்டு வயரைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். ஃபேனிலிருந்து கையையும் வயரையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் எண்தான் பாசிட்டிவ் பக்கத்தில் தொலைகிற வோல்ட். அப்புறம் சிவப்பைப் பல்பின் எர்த் தகட்டிலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து அளந்தால், எர்த் பக்கத்தில் தொலைவது தெரியும்.

இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நன்றாகவே இருக்கிறது. சாக்கெட்டை மட்டும் நல்லதாக மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். வோல்ட் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கிவிடும். நிறம் மஞ்சளாவதும் இதனால்தான். நீங்கள் சொன்ன அந்த மஞ்சளைக் கேட்டதுமே எனக்கு வயர் மேல்தான் சந்தேகம் வந்தது.

இவ்வளவு வோல்ட் எங்கே போகிறது? பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கிடையாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் கேபினுக்குள் போய், லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி, திரும்பவும் முன்னால் வந்து பல்பைச் சேர வேண்டும். இரண்டு பல்புக்குமான 9, 10 ஆம்பியரும் அந்த மெல்லிய வயரில்தான் போகிறது. 0.75 ஸ்கொயர் எம்எம் வயரில் 4 மீட்டர் போனாலே 0.9 வோல்ட் போய்விடும். சுவிட்சின் தேய்ந்த முனைகளும் துருப்பிடித்த கப்ளர்களும் தின்பது தனிக் கணக்கு.

ஆகவே சாக்கெட்டோடு சேர்த்து இரண்டு ரிலே போடுங்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய வயரிங்கை அறுத்து எறிய வேண்டாம். இனிமேல் அது ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும் என்பதால் பழைய சுவிட்சுக்கும் ஆயுசு கூடும்.

ரிலேயின் அடியில் எண்கள் போட்டிருக்கும். 30க்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக, ஃப்யூஸ் வழியாக. 87லிருந்து இரண்டு பல்புக்கும். 86க்குப் பழைய சாக்கெட்டில் வந்துகொண்டிருந்த டிம் வயர் (இன்னொரு ரிலேக்குப் பிரைட் வயர்). 85 எர்த்துக்கு. ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுக்காலின் எண்ணைப் பாருங்கள். அது 87a என்றிருந்தால், ரிலே வேலை செய்யாத நேரத்தில் அதில் கரண்ட் இருக்கும். அதில் எதையும் மாட்டாமல் மூடி வைத்துவிடுங்கள்.

பேட்டரியிலிருந்து ரிலே வரைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம், ரிலேயிலிருந்து ஒவ்வொரு பல்புக்கும் 1.5 அல்லது 2.5 போதும். ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃப்யூஸ், 15 அல்லது 20 ஆம்பியர். டிம் ஃப்யூஸ் போனாலும் பிரைட் எரிய வேண்டும், இரவில் ஓடும் வண்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் அணையக் கூடாது. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அது காப்பாற்றுவது வயரை. ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால், அதற்கு முந்தைய வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க எதுவுமே இல்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் சமரசமே செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம். பழைய ஜப்பானிய பிக்கப்கள் சிலவற்றில், உதாரணமாக டொயோட்டா வண்டிகளில், சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பல்புக்குப் பொதுவான தகட்டில் பாசிட்டிவ் எப்போதும் வந்து நிற்க, சுவிட்ச் எர்த்தைத்தான் சேர்க்கும். வயர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாக்கெட்டைக் கழற்றி, லைட்டைப் போட்டு, மூன்று தகட்டையும் பாடியோடு அளந்து பாருங்கள். பொதுத் தகட்டில் 12 வோல்ட் வந்தால் உங்கள் வண்டி இந்த வகை. அப்போது 86ஐ அந்தப் பாசிட்டிவிலும், 85ஐ டிம் அல்லது பிரைட் வயரிலும் கொடுக்க வேண்டும். மற்றபடி எல்லாம் அதேதான்.

சாக்கெட் செராமிக்கில் வாங்குங்கள், ஆனால் செராமிக் என்பதற்காகவே நம்பிவிடாதீர்கள். செராமிக் உருகாது, அவ்வளவுதான். உள்ளே கிளிப் தளர்ந்திருந்தால் சூடு அப்படியே இருக்கும், வெளியே தெரியாமல் பல்பின் அடியையும் வயரையும் கருக்கும். பல்பைச் செருகும்போது நன்றாக அழுத்தித்தான் உள்ளே போக வேண்டும். பின்னால் இருக்கும் ரப்பர் மூடி புதுச் சாக்கெட்டின் மேல் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஈரம் உள்ளே போய் ரிஃப்ளெக்டரைக் கெடுத்துவிடும்.

பலர் பழைய வயரிலேயே புதுச் சாக்கெட்டை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். அது பார்க்கவே எனக்கு வருத்தமாக இருக்கும், சில மாதத்தில் அதே இடம் திரும்பவும் கருகும். சூடுபட்ட வயரின் செம்பு உள்ளேயும் கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், நல்ல டெர்மினல் போட்டுக் கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் உறை) ஏற்றுங்கள். சால்டர் மட்டும் வைத்த இணைப்பு, ஈயம் முடிகிற இடத்தில் விறைத்து அதிர்வில் முறியலாம். ரெடிமேட் செட் வாங்கினால் வயரைக் கீறிப் பாருங்கள். உள்ளே முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும், அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர் வேண்டாம்.

எர்த்தையும் அதே தடிமனில் புதிதாக இழுங்கள். துருப்பிடித்த முன்பக்கத் தகட்டில் திருகு போட்டு விட்டால் பாதி வேலை வீண். பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது நல்லது. ரிலேயை வயர் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

எல்லாம் முடிந்ததும் அதே இரண்டு இடத்திலும் திரும்ப அளந்து, அரை வோல்ட்டுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். நல்ல 60/55 பல்பையே போடுங்கள். எல்இடி பல்பு வேண்டாம். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதன் ஒளி சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். லைட்டின் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். மங்கலாக இருந்தபோது தெரியாத கோணத் தவறு, இப்போது எதிரில் வருகிறவருக்குத் தெரியும். முழு வோல்ட் கிடைப்பதால் பல்பு முன்பைவிடச் சற்றுச் சீக்கிரம் ஃப்யூஸ் ஆகலாம். அதனால் வண்டியில் ஒரு மாற்றுப் பல்பு எப்போதும் இருக்கட்டும். மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்.