துக்க வீட்டில் கண்தானம் கேட்பது

நேயர்களுக்கு வணக்கம்.

இறந்தவரின் கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆகவே கண்தானம் கேட்கப் போகிறவர், அழுகை ஓயாத வீட்டுக்குள்தான் நுழைகிறார். அவருடைய அவசரம் அந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது.

முதலில் மாலை போட்டு வணங்குங்கள். முடிவெடுப்பவர் யாரென்று பாருங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவது மனைவி, மகன், மகள் போன்ற நெருங்கிய உறவினர்தான். ஆனால் தாய்மாமனோ பங்காளிப் பெரியவரோ தலையசைக்காமல் பல வீடுகளில் அந்தக் கையெழுத்து விழாது. அவர்களைப் பந்தலுக்கு அப்பால் அழைத்துப் பேசுங்கள். கூட்டத்தின் நடுவில் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டால், பிறகு மனம் மாறினாலும் அவரால் இறங்கிவர முடியாது.

"அண்ணே, ஐயாவை எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று தொடங்கலாம். சடங்குக்குத் தடை வராது என்பது அந்தக் கேள்வியிலேயே புரியும். பிறகு இறந்தவரைப் பற்றி அவர்களைப் பேச விடுங்கள். "வந்து கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லமாட்டார்" என்று யாராவது சொல்வார்கள். கண்தானத்தை அங்கிருந்து எடுத்துப் பேசுங்கள். அது அந்த வீட்டிலேயே இருக்கிற அறம்.

"கண் இல்லாம அனுப்பினா அடுத்த பிறவியில குருடாப் பிறப்பாரே?" என்பார்கள். மூடநம்பிக்கை என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. போனவர் உடலுக்குக் குறை வரக்கூடாது என்ற பாசம்தான் அந்தப் பயத்தின் வேர். அந்தப் பாசத்துக்குப் பதில் சொல்லுங்கள்: கண் வங்கியினர் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், அரைமணிக்குள் முடியும், முகம் விகாரமாகாது, செலவு இல்லை. சைவ வீட்டில் கண்ணப்பரை அவர்களே நினைவுகூர்வதுண்டு. 1961இல் மருத்துவர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்துக்கும், கண்ணைக் கொடுத்த சிபி மன்னனின் ஜாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை, பௌத்தர்களிடையே துணைநின்றது. ஆனால் உங்களுக்கு மதிப்பில்லாத கதையைக் காரியத்துக்காகச் சொல்லாதீர்கள். நடிப்பைத் துக்க வீடு உடனே கண்டுகொள்ளும்.

மறைக்கக்கூடாதவையும் உண்டு. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். முன்பே சொல்லாவிட்டால் ஊசியைப் பார்த்ததும் நம்பிக்கை உடையும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகை, வெறிநாய்க்கடி நோய் இருந்தவர்களின் கருவிழியைப் பிறருக்குப் பொருத்த மாட்டார்கள். கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி, கண்ணாடி போட்டவர் தரலாம். "இரண்டு பேருக்குப் பார்வை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொருத்த ஏற்றதா என்பது பரிசோதனைக்குப் பிறகே தெரியும். கருவிழி யாருக்குப் பொருத்தப்பட்டது என்று சொல்லமாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அவர்கள் கலந்து பேசும் நேரத்தில், அனுமதி கேட்டு, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள். கருவிழி உலராமல் இருக்க மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். சம்மதித்தால் உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள்.

மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். இன்னொரு உறவினர் வழியாகத் தூது விடவும் வேண்டாம். பஞ்சை எடுத்துவிட்டு, மற்ற துக்கக்காரர்களைப் போல அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.