கூடி வாழும் இடத்தில் நன்றி எங்கிருந்து வருகிறது?

நண்பர்களே, வணக்கம்.

"உங்கள் கூட்டு வாழ்க்கைக் கிராமத்தில் இத்தனை பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டு ஒன்றாக வாழ்கிறீர்களே, எல்லாரும் ரொம்ப நெருக்கமா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும்போதே குரலில் ஓர் ஏக்கம் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஏக்கம் வருவது நியாயம்தான். என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். நெருக்கம் அங்கே வேலையில்தான் தொடங்குகிறது, பாசமெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

1910-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தள்ளி, அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் வாடகை வாங்காமல் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் தங்க ஓர் இடம் வேண்டும் என்ற அவசரத்தில் உருவானது. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள், தமிழ் பேசுகிறவர்கள், குஜராத்தி பேசுகிறவர்கள், இந்தி, தெலுங்கு என்று எல்லாரும் கலந்த கூட்டம், ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்ல. அங்கே வேலைக்காரர் கிடையாது, சமையலிலிருந்து கழிப்பிடம் சுத்தம் செய்வது வரை எல்லாம் அவரவர் கையால்தான். காலன்பாக் ஒரு துறவியர் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார், அவரிடமிருந்து காந்தி கற்றார், காந்தியிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். ஒரு பணக்காரக் கட்டடக் கலைஞரிடமிருந்து ஒரு வக்கீலுக்கும், அவரிடமிருந்து சிறை மீண்ட ஒரு தொழிலாளிக்கும் அந்தக் கைவேலை போய்ச் சேர்கிறது என்றால், வெறும் பேச்சால் அப்படி ஓர் உறவு உருவாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் என் கண்ணால் பார்த்ததும் இதுதான். "மனம் விட்டுப் பேசுவோம்" என்று வட்டமாக உட்கார வைத்தால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அதே ஆட்களைக் களை எடுக்க அனுப்புங்கள், கண் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், அப்போது அப்பா இறந்ததைப் பற்றியும் பிரிந்துபோன கல்யாணத்தைப் பற்றியும் தானாகவே பேச்சு வரும். யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத இடத்தில்தான் சிலருக்குப் பேச வருகிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு நன்றியுணர்ச்சி குறைவு என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, குப்பை காலையில் காணாமல் போகிறது. எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரு முகம்கூடக் கண்ணில் படுவதில்லை. முகம் தெரியாத இடத்தில் நன்றியை யாரிடம் போய்ச் சொல்வது? கூட்டு வாழ்க்கையில் முகம் தெரிகிறது. விடியற்காலையில் போய் மோட்டாரைப் போட்டது யார், அடைத்துக்கொண்ட வாய்க்காலில் இறங்கியது யார், இரவில் கன்று ஈன்ற மாட்டோடு விழித்திருந்தது யார் என்று எல்லாம் தெரியும். நன்றிக்குரியவற்றை வாராவாரம் எழுதி வைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு பார்த்தார்கள் என்று உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கூடி வாழும் இடத்தில் அந்தப் பட்டியலைப் பாதி நாள் நாமே எழுத வேண்டியதில்லை, எதிரே நடந்து வருகிறது.

ஆனால் இங்கேயும் கண்ணுக்குத் தெரியாத வேலை உண்டு, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1910-ல் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து இன்றைய இஸ்ரேலில் டெகானியா என்ற முதல் கிப்புட்ஸை, அதாவது உழைப்பையும் சொத்தையும் பொதுவில் வைத்து வாழும் கூட்டுப் பண்ணையை, தொடங்கினார்கள். சமத்துவம்தான் அடிப்படை. ஆனாலும் அந்தத் தொடக்க காலக் குழுக்களில் சமையலும் துணி துவைப்பதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. வயலில் நின்றவரின் உழைப்பு கண்ணில் பட்டது, அடுப்படியில் நின்றவரின் உழைப்பு சாப்பிட்டு முடித்ததும் மறந்துபோனது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1967-ல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் சமூகத்தின் ஏற்பாடு இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. சமையல், குழந்தையைப் பார்த்துக்கொள்வது, தோட்டம், கணக்கு எழுதுவது எல்லாம் அங்கே வேலை நேரமாகவே கணக்கிடப்படுகின்றன, ஒரு மணி நேரம் என்றால் எந்த வேலையானாலும் ஒரு மணி நேரம்தான். அன்பைப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கணக்கே இல்லாத வீடுகளில் யார் சலித்துப் போனார்கள் என்று அவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

எத்தனை பேர் சேர்ந்து வாழலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்கிறவர்கள், கனடாவிலும் அமெரிக்காவிலும் விவசாயக் குடியிருப்புகளாக இருக்கிறார்கள். ஒரு குடியிருப்பில் ஆள் எண்ணிக்கை 150-ஐ நெருங்கினால் இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் யார் வரவில்லை என்பது தெரியாது, சாப்பாட்டு வேளையில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சண்டை வராதா என்றால், வரும். பொது ஏரி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் சில பொதுவான அம்சங்களைக் கண்டார். விதிகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதிகளை மாற்றும் உரிமை இருந்தது, முதல் தவறுக்குச் சின்னத் தண்டனைதான், சச்சரவை அங்கேயே செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஒரு வாரத்துக்குள் பேசித் தீர்த்த கோபத்துக்குப் பிறகு மனிதர்கள் முன்பைவிட நெருங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மனதிலேயே வைத்திருந்த கோபம் வாய்க்கால் தண்ணீர் தகராறாகவோ நாய்ச் சண்டையாகவோ வேறு வேஷத்தில் வரும்.

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். நன்றியைக் கேட்டு வாங்கக் கூடாது. நிலம் கொடுத்தவரோ, முதலில் வந்து குடியேறியவரோ, "இவ்வளவு செய்திருக்கிறோமே, நன்றி வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், புதிதாக வந்தவர் அதற்கப்புறம் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். குறை சொல்ல உரிமை உள்ளவர் சொல்கிற நன்றிதான் எனக்கு நன்றியாகப் படுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் உரிமையும் அப்படித்தான். இன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே முகத்தோடு வேலைக்கு வர முடிகிற இடத்தில் யாரும் மூச்சு முட்டி ஓட மாட்டார்கள்.

கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதுதான் கடினம். காய்ச்சலில் கிடந்தபோது என் முறை வேலையை யாரோ சொல்லாமல் செய்து முடித்திருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது கூச்சம்தான், உடனே திருப்பிச் செய்து கடனை அடைத்துவிட வேண்டும் என்ற பதற்றம். அப்படிப் பதறி அடைக்கத் தேவையில்லை என்று உடம்புக்குப் புரியவே எனக்கு நீண்ட காலம் ஆனது. என்றைக்கோ வேறு யாருக்கோ காய்ச்சல் வரும், அன்றைக்கு நான் போவேன்.

உங்களில் சிலர் இப்படி ஒரு இடத்தில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். விழா நாளில் போய்ப் பார்க்காதீர்கள், எல்லா இடமும் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். மழை விடாமல் பெய்து எல்லாரும் எரிச்சலாக இருக்கும் வாரத்தில் போய்த் தங்குங்கள். வேலை கேளுங்கள், விருந்தாளியாக உட்காராதீர்கள். முடியாதவர்களையும் வயதானவர்களையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். முக்கியமாக, அங்கே இருந்துவிட்டு வெளியே போனவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர்கள் இன்னும் அங்கே வந்துபோகிறார்களா, வந்தால் சாப்பிடக் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.