தீ வருமுன் அணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரி அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இந்தோனேசியக் கிராமத்தார் தீ வருமுன் அணை போடுகிறார்கள். தீ ஏன் பிடிக்கிறது, ஊர் எப்படித் தடுக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

பீட் நிலம் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் நீரில் ஊறிக் கிடக்கும் இலையும் வேரும்தான். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் நிலமே விறகாகிவிடும். போர்னியோ தீவில் இந்தோனேசியாவைச் சேர்ந்த மத்திய காலிமந்தானில் 1990களின் நடுவில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கப் புறப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, 1997இல் தீதான் மூண்டது.

ரியாவ் மாகாணத்தில் சுங்கை தோஹோர் என்றொரு சிற்றூர். சவ்வரிசிப் பனைதான் அவர்கள் பிழைப்பு. நீரை வடிக்காமலே ஈர மண்ணில் வளரும் மரம் அது. ஒரு நிறுவனம் கால்வாய் வெட்டியது, மண் காய்ந்தது, 2014 தொடக்கத்தில் தோப்புகள் எரிந்தன. ஊரார் அழுதுகொண்டு உட்காரவில்லை. குடியரசுத் தலைவருக்கே மனுப் போட்டு, "வந்து பாருங்கள்" என்று அழைத்தார்கள். அவரும் வந்தார்! அந்த நவம்பரில் ஜோக்கோ விடோடோ அங்கே போய், ஊராரோடு சேர்ந்து, நீர் வடியாதபடி கால்வாயை அணை போட்டு அடைத்தார். வெள்ளம் வருமுன் அணை என்ற நம் பழமொழி அங்கே கண்ணெதிரே நடந்தது ஐயா!

தீ வைப்பதும் கிராமத்தார்தானே என்பார்கள். நிலம் திருத்தச் சிலர் வைப்பது உண்மைதான். ஆனால் ஈர நிலத்தில் அந்தத் தீ எவ்வளவு தூரம் போகும்? அணைக்க ஓடுபவர்களும் அதே ஊரார்தான். 'மஷாரகாத் பெடுலி அப்பி' என்னும் ஊர்த் தீத்தடுப்புக் குழுவினர் கோடையில் சுற்றிக் காவல் பார்க்கிறார்கள். மேலே நீர் தெளித்தால் போதாது; தீ மண்ணுக்குள் புகைந்துகொண்டிருக்கும். குழாயை மண்ணுக்குள் செருகிச் சேறாகும்வரை நீர் பாய்ச்சிவிட்டு, சூடு அடங்கியதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பல ஊர்களில் இவர்களுக்கு நிலையான ஊதியமே இல்லை. காடு பற்றியெரியும்போது ஹெலிகாப்டருக்குப் பணம் கிடைக்கிறது, காவல் நிற்பவனுக்குக் கிடைக்கவில்லை! கோடை தொடங்குமுன்பே அவன் கையில் கூலி சேர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊதியம் கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. ஒரு மனு என்ன செய்யும் என்பதை இப்போதுதான் கேட்டீர்கள். கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.