நித்தம் நடையும் நடைப்பழக்கம்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியை அவர்களே, பந்தல் போட இடம் கொடுத்த மீனவர் கிராமத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பழைய கூட்டாளிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். உறுப்பினர் அம்மா கூட்டம் முடியும்வரை இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. ஏனென்றால் கடைசியில் அவர்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே பாட்டில் ஔவைப் பாட்டி, "நித்தம் நடையும் நடைப்பழக்கம்" என்கிறாள். அதற்கு அடுத்ததாக நட்பைச் சொல்கிறாள். நான் மூன்று விஷயம் பேச வந்தேன்: நடை, நட்பு, பாட்டு.

நம்ம பக்கம் நடந்து பார்க்க வேண்டிய ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் திருவொற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மனைப் பாடினார். சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்த தியாகராஜரும் அதே அம்மன்மேல் கீர்த்தனைகள் செய்தார். வேண்டியவரைப் பார்க்க வந்த இடத்தில் பாட்டுப் பிறப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். போன மாசியில் பழைய நண்பர்களைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போனேன். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டோலக் வாசிப்பார். இன்னொருவர் பஜனை மடத்து ஆர்மோனியக்காரர். நான் பாடுவேன். காலையில் கல்மண்டபத்தில் டீ குடித்துவிட்டுக் கடலோரமாகவே திருவொற்றியூர்வரை நடந்து, பட்டினத்தார் சமாதியைக் கும்பிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் பேச்சுதான். சாப்பிட்டுவிட்டு வாசிக்கலாம் என்று டோலக்கை எடுத்தால், உப்புக்காற்றில் தோல் தொய்ந்து கிடக்கிறது. கயிற்றில் இருக்கும் வளையங்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக நெருக்கி, தட்டித் தட்டிக் கேட்டு, ஒரு வழியாகச் சுருதிக்குக் கொண்டு வந்தார்.

அப்புறம்தான் சோதனை. எங்கே உட்கார்ந்து வாசிப்பது? மொட்டை மாடிக்குப் போனோம். கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. நியாயம்தானே, இறங்கிவிட்டோம். பக்கத்தில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. கல்யாணம் காதுகுத்து இல்லாத நாளில் சும்மாதான் கிடக்கும். பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். மீன்பாடி வண்டிக்காரத் தம்பி ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பொட்டியத் தூக்கிக்கினு எங்க சுத்தற? ஏறு வண்டில" என்றார். ஐஸ் தண்ணீர் சொட்டிய பலகைமேல் கோணியை விரித்து, ஆர்மோனியத்தை வைத்து, வலை பின்னும் கொட்டகை நிழலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டியே மேடை! நான் ஒரு பாட்டு எடுத்தேன். வலை ஊசி ஓடிக்கொண்டிருந்த கைகள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றன. ஒரு பெரியவர் ஊசியை வலையிலேயே செருகி வைத்துவிட்டு, தன் அப்பா கட்டுமரத்தில் பாடிய ஏலேலோவை எடுத்தார். டோலக் அவர் பின்னாலேயே போனது. அந்தத் தம்பி ஐஸ் பெட்டியில் தாளம் தட்டினார். அவர் கானா பாடுகிறவராம். பாட இடம் இல்லாததால் சாவு வீட்டில் மட்டும்தான் பாடுகிறாராம்.

இங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. கைப்பழக்கம், நாப்பழக்கம் என்கிறோமே, பழக இடம் எங்கே? வாடகை வீட்டில் டோலக் வாசிக்க முடியுமா? தெருவில் வாசித்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். குத்துச்சண்டைக்கும் கேரத்துக்கும் இந்த ஊரில் மன்றங்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து வீரர்கள் வருகிறார்கள். பாட்டுக்கு மட்டும் ஓர் அறை கிடையாதா? நட்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். அவர் பெரிய மனது வைத்து இன்னும் ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும்.

உறுப்பினர் அம்மா, நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் பொதுக்கூடங்களில் ஓர் அறையை, விசேஷம் இல்லாத நாட்களில் மாலை 5 மணியிலிருந்து 8 மணிவரை திறந்துவிடுங்கள். கூட்டிப் பெருக்குவதும் விளக்கை அணைப்பதும் எங்கள் பொறுப்பு. தேர்வு மாதங்களில் 7 மணிக்கே நிறுத்திக்கொள்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கதவிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மனு எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் டீ மேசைக்குப் பக்கத்தில் அந்த வண்டிக்காரத் தம்பிதான் தாளோடு நிற்கிறார். போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.