பாதியில நின்ன ரோலர் டோர்: முதல்ல அந்த ரிமோட்டைக் கீழ வைங்க

வணக்கம் மக்களே, ஹட்டன்ல இருந்து பேசுறேன். பின்னால வெள்ளையா தெரியிறது காமெரா கோளாறு இல்ல, மிஸ்ட். விடியக்காலையில இறங்கினது, பத்து மணியாச்சு, இன்னும் மேல ஏறல. நேத்து எங்க வீட்டுக் கதவும் இப்படித்தான் ஏற மாட்டேன்னு நின்னுச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

கராஜ் கதவு. நம்ம ஊர்ல கராஜ்னு சொன்னா வேன் திருத்துற இடத்தைத்தான் நினைப்பாங்க. இது அப்பா வீட்டோட ஒட்டிக் கட்டின அறை. நடுவுல ஆட்டோ நிக்கும். சுவரோரமா விறகு, மூலையில உருளைக்கிழங்கு மூட்டை, மேல அம்மாவோட பழைய சட்டிபானை. வாசல்ல ரோலர் டோர், அதான் மேல உருளையில சுருண்டுக்கிற தகட்டுக் கதவு, ஒன்பதடி அகலம். ரெண்டு வருசத்துக்கு முந்தி மோட்டார் வச்சோம்.

நேத்து அம்மாவுக்கு கிளினிக் நாள். ஆறரைக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு, மருந்துக் கொப்பியோட தயாரா நிக்கிறாங்க. நான் ரிமோட்டை அமுத்துறேன். கதவு ரெண்டடி ஏறுச்சு, ‘கிரீச்’னு ஒரு சத்தம், நின்னுருச்சு. திரும்ப அமுத்தினேன். கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, அதே இடத்துல நிப்பு. பிறகு என்ன, பத்துப் பன்னிரண்டு தடவை அமுத்தியிருப்பேன். கோபத்துல அமுத்தினா கூடுதலா வேலை செய்யும்னு ஒரு நினைப்பு! கடைசியில மோட்டார் முனகுறதையும் விட்டுருச்சு. சத்தமே இல்ல.

அம்மா, “விடுடா தம்பி, நான் மெயின் ரோட்டுக்கு நடந்து போயி பஸ் ஏறிக்கிறேன்”னு சொல்லிட்டு இறங்கிட்டாங்க. பக்கத்து வீட்டு மாமா பார்த்துட்டு அவரோட ஆட்டோவுல ஏத்திட்டுப் போனார். ஆட்டோ வச்சிருக்கிற மகன் வீட்டுல நிக்க, அம்மா அடுத்தவர் ஆட்டோவுல போறாங்க. அந்த வெக்கத்தோடதான் வேலையை ஆரம்பிச்சேன்.

ஒருத்தருக்குப் போன் பண்ணினேன். கதவைப் பார்க்கவே இல்ல, “மோட்டார் எரிஞ்சிருக்கும், புதுசுதான் போடணும்”னுட்டார். விலையைக் கேட்டதும் ப்ளேன்டீ தொண்டையிலயே நின்னுச்சு. நல்ல வேளை, அவருக்கு அன்னைக்கு வர நேரமில்ல.

மோட்டார் எரியல. இந்த மோட்டாருக்குள்ள சூடு கூடினா தானா நிக்கிற ஒரு பாதுகாப்பு இருக்கு. தொடர்ந்து சில நிமிசம் ஓடுறதுக்குத்தான் இந்த மோட்டாரைச் செஞ்சிருக்காங்க. முட்டிக்கிட்டு நிக்கிற கதவை விடாம இழுக்க வச்சா சீக்கிரமே சூடாகி அணைஞ்சிரும். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் சும்மா விட்டா ஆறி, பழையபடி உயிர் வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அப்ப மோட்டார் நோயாளி இல்ல, வேற எங்கயோதான் நோய்.

அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரே வழி, மோட்டாரைக் கழட்டிவிட்டுட்டு கையால தூக்கிப் பார்க்கிறது. இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. மோட்டார் பெட்டியில இருந்து ஒரு கயிறு தொங்கும், எங்க வீட்டுல சிவப்பு. அதை இழுத்தா மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள பிடி விட்டுரும். ஆனா பொறுங்க, உடனே இழுக்காதீங்க. கதவு பாதியில நிக்கிதுன்னா அடியில ரெண்டு பக்கமும் முட்டுக் கட்டை குடுங்க. நான் ரெண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி வச்சேன். ஏன்னா, உள்ள ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா, கயிறை இழுத்த அடுத்த நொடி அம்பது அறுபது கிலோ தகடு கால்ல வந்து விழும்.

மேல உருளைக்குள்ள இருக்கிற அந்த ஸ்பிரிங்தான் உண்மையில கதவைத் தூக்குது. மோட்டார் சும்மா தோள் குடுக்கிற ஆள் மாதிரி. ஸ்பிரிங் நல்லா இருந்தா, கதவை இடுப்பளவுக்குத் தூக்கி கையை மெதுவா எடுத்தா அது அங்கயே நிக்கணும். பாரமா இருக்கு, சர்ருனு கீழ இறங்குதுன்னா ஸ்பிரிங் போச்சு. அப்ப தொடாதீங்க, வேலை தெரிஞ்ச பாஸைக் கூப்பிடுங்க. முறுக்கி வச்ச ஸ்பிரிங் கழண்டா கையை முறிச்சிரும். நம்ம ஆக்கள் எல்லாத்தையும் ஸ்பேனரால கழட்டிப் பார்ப்போம்ல, இதை மட்டும் வேணாம்.

கதவு கையில லேசா, மேல வரைக்கும் வழுக்கிட்டுப் போகுதுன்னா கோளாறு கரண்ட் பக்கம். சுவர் சுவிட்சுக்கு வேலை செஞ்சு ரிமோட்டுக்கு மட்டும் செய்யலன்னா பேட்டரி, விரல் நுனி அளவு 12 வோல்ட் பேட்டரி, குளிர்ல கொஞ்சம் சோர்ந்துரும். மோட்டார் ‘ம்ம்ம்’னு முனகுது, சுத்தலன்னா அனேகமா கப்பாசிட்டர், மோட்டார் சுத்த ஆரம்பிக்க உதை குடுக்கிற சின்ன டப்பா. கரண்ட் நிப்பாட்டினாலும் அதுக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கி நிக்கும், விரலை விடாதீங்க.

எனக்கு இது ரெண்டும் இல்ல. கீழ இருந்து ரெண்டடி வரைக்கும் வழுக்கிட்டு வருது, அங்க வந்ததும் இடது பக்கம் மட்டும் பிடிக்குது. வலது பக்கம் ஏறப் பார்க்குது, இடது பக்கம் வர மாட்டேங்குது. கதவு கோணலாகுறது கையிலயே தெரியுது. பாருங்க, பன்னிரண்டு தடவை ரிமோட் அமுத்தித் தெரியாதது ஒரு தடவை தூக்கினதுல தெரிஞ்சிருச்சு.

டார்ச் அடிச்சு இடது தண்டவாளத்துக்குள்ள பார்த்தேன். தண்டவாளம்னா, கதவோட ஓரம் ஓடுற அந்த நீட்டு இரும்புக் கால்வாய். இங்க பாருங்க, கிட்ட காட்டுறேன்... இந்த இடம் உள்பக்கமா நசுங்கியிருக்கு, தெரியுதா? தரையில இருந்து ரெண்டடி. வீட்டுல எந்தச் சாமானோட எந்தப் பாகம் ரெண்டடி உயரத்துல இருக்குன்னு யோசிச்சேன். தம்பி, உன்னோட பைக்ல இருக்கிற கார்டுக் கம்பிதான்! நீ ஒத்துக்க மாட்ட, ஆனா பெயின்ட் ஒட்டியிருக்கு.

அடுத்த குற்றவாளி நான்தான். போன வருசம் கதவு சத்தம் போடுதுன்னு ரெண்டு தண்டவாளத்துலயும் வழிய வழிய கிரீஸ் அப்பினேன். மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பிறகு ரோட்டுத் தூசி, மணல், விறகுத் தூள் எல்லாம் அதுல ஒட்டி, ஈரமும் சேர்ந்து, அரைச்ச மசாலா மாதிரி ஆகிருச்சு. கரண்டியால வழிச்சேன், ஒரு டின் மூடி நிறைய வந்துச்சு. கால்வாய்க்குள்ள கிரீஸ் வேணாம் மக்களே.

அப்ப ஒரு கேள்வி வருதுல்ல? முந்தின நாள் மத்தியானம் கதவு முக்கி முக்கியாவது ஏறுச்சு. நேத்து காலையில மட்டும் ஏன் ஏறல? இதுதான் எனக்கே பிடிச்ச இடம். இன்னைக்குக் காலையில அதே ஆறரைக்கு பிளக்ல மீட்டர் வச்சுப் பார்த்தேன், 190 வோல்ட். வர வேண்டியது 230. எங்க வீடு லைன் முடிவுல, அந்த நேரம் எல்லா வீட்டுலயும் கேத்தல், ரைஸ் குக்கர், ஹீட்டர். வீட்டுக் கரண்ட்ல நேரா ஓடுற இந்த மாதிரி ஏசி மோட்டாருக்கு வோல்ட் குறையிற அளவுக்கு மட்டும் பலம் குறையாது, வர்க்கக் கணக்குல குறையும். 190ஐ 230ஆல வகுத்து, வந்ததை அதாலயே பெருக்கிப் பாருங்க, மூணுல ரெண்டு பங்கு சொச்சம்தான் வரும். நசுங்கின இடத்தைத் தாண்ட அந்தப் பலம் போதல. தம்பி இடிச்சதும், நான் அப்பினதும், ஊர் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வச்சதும் சேர்ந்து அம்மாவை நடக்க வச்சிருச்சு.

திருத்தினது சின்ன வேலைதான். கதவை முழுசா மேல ஏத்திக் கட்டிட்டு, கால்வாயோட அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டைச் சீவி உள்ள விட்டேன். நசுங்கின இடத்துக்கு அதை நகர்த்தி, வெளியில இன்னொரு கட்டையை வச்சு, சுத்தியலால மெல்ல மெல்லத் தட்டினேன். தகடு மெல்லிசு, ஓங்கி அடிச்சா பிளந்துரும். பிறகு மண்ணெண்ணெய் நனைச்ச துணியால ரெண்டு பக்கமும் தொடைச்சு, காய விட்டு, ஹார்ட்வெயார்ல வாங்கின சிலிக்கோன் ஸ்ப்ரே. அது காய்ஞ்சு மெல்லிசா நிக்கும், தூசியை அவ்வளவா பிடிக்காது. டபிள்யூடி ஃபோர்ட்டி அடிக்கலாமான்னு கேப்பீங்க. துருப் பிடிச்ச ஆணியைக் கழட்ட நல்ல சாமான். ஆனா பேர்லயே இருக்கு, தண்ணியை வெளியேத்துறதுக்கு நாற்பதாவது தடவை சரிவந்த கலவை அது. வருசக்கணக்கா ஓடுற கதவுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கராஜுக்கு வேற வாசல் இல்லாத வீடுன்னா, வெளியில இருந்து சாவி போட்டு மோட்டாரைக் கழட்டிவிடுற பூட்டு ஒண்ணு கட்டாயம் வச்சுக்குங்க. மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா உள்ள இருக்கிற சிவப்புக் கயிறால உங்களுக்கு என்ன பிரயோசனம்? எங்களுக்கு அடுப்படிப் பக்கம் ஒரு வாசல் இருந்ததால தப்பிச்சோம்.

சரி, இப்ப அமுத்திக் காட்டுறேன். கயிறைத் திரும்ப மாட்டியாச்சு, மெயின் போட்டாச்சு. போகுது... ரெண்டடி... தாண்டிருச்சு! சத்தத்தைக் கேளுங்க, ‘கிரீச்’ இல்ல. அம்மா, பாருங்க, ஏறிருச்சு!

“இப்ப ஏறி என்னடா, கிளினிக் நேத்து.”

கேட்டுச்சா? சரி மக்களே, உருளைக்கிழங்கு மூட்டையை உள்ள தள்ளிட்டு வாறேன், மாமாவுக்கு ஒரு கிலோ குடுத்து விடணும்.