பிரையன் டேனியல்சன் திரும்பி வருவாரா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது

[கறுப்புத் திரை. கூட்டத்தின் குரல் மட்டும்: யெஸ்! யெஸ்! யெஸ்!]

வணக்கம். ரெஸ்லிங் பார்க்கிறேன் என்று சொன்னாலே, "அதெல்லாம் நடிப்புதானே?" என்று கேட்பார்கள். ஆமாம், யார் ஜெயிப்பது என்பதை முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் எழுதிவைத்தபடி நடக்காத ஒன்று அந்த ரிங்கில் இருக்கிறது. கழுத்து.

[ரிங்கின் குறுக்குவெட்டுப் படம்]

ரிங்கின் தளத்தைப் பாருங்கள். கீழே இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை, கடைசியாகக் கான்வாஸ். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுவார்கள். அடி பரவிவிடும். பரவுமே தவிர, இல்லாமல் போகாது. டேனியல் பிரையன் என்ற பெயரில் நமக்கு அறிமுகமான பிரையன் டேனியல்சனோ, ரிங்கின் மூலையில் மேல் கயிற்றில் ஏறித் தலை முன்னால் வரப் பாய்கிறவர். ஆள் உயரமும் இல்லை, பெரிய உடம்பும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நம்மில் ஒருவர் போலத் தெரிந்தார்.

2014 ஜனவரி, பிட்ஸ்பர்க், ராயல் ரம்பிள், அதாவது முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக ரிங்கில் இறங்கும் போட்டி. பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்த பட்டிஸ்டாதான் அன்று ஜெயித்தார். கூட்டம் கைதட்டியிருக்க வேண்டும், இல்லையா? கத்தித் தீர்த்துவிட்டது. 30ஆவது ஆளாக பிரையன் வருவார் என்று காத்திருந்தவர்கள், ரே மிஸ்டீரியோ வந்ததும் அவரையே கேலி செய்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார்! கடைசியில், இதையெல்லாம் நடத்தும் ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஈ தன் திட்டத்தையே மாற்றியது. அந்த ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸில் நடந்த கம்பெனியின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெசில்மேனியா 30இல், ஒரே இரவில் இரண்டு மேட்ச் ஜெயித்து பிரையன் சாம்பியன் பெல்ட்டைத் தூக்கினார்.

அடுத்த மாதமே கழுத்தில் அறுவை சிகிச்சை. நரம்பு அழுந்தியதில் வலது கையில் பலம் குறைந்திருந்தது. ஜூனில் பெல்ட்டும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 2015இல் வந்தார், மறுபடி விலகினார். இந்த முறை பிரச்சினை மூளை. தலை சட்டென்று குலுங்கும்போது மூளை மண்டையோட்டுக்குள் அசைந்து அதிர்வது கன்கஷன். அவருக்கு அது பலமுறை நடந்திருந்தது. 2016 பிப்ரவரி 8, சொந்த மாநிலத்தில், சியாட்டிலில், ஓய்வை அறிவித்தார். கதைக்காகச் சொன்னதல்ல, நிஜ ஓய்வு.

[நாட்காட்டி: 2016, 2017, 2018]

அப்புறம் இரண்டு வருடம் காத்திருப்பு. அவர் கம்பெனியின் வாராந்திர டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் ஜெனரல் மேனேஜராக, கோட் போட்டு மைக்கோடு வருவார். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து, அவருக்கான அந்த "யெஸ்! யெஸ்!" கோஷத்துக்கு இரண்டு ஆள்காட்டி விரலையும் தூக்கிக்கொண்டிருப்போம். மற்ற கம்பேக் பலவும் சம்பளமும் ஒப்பந்தமும் சம்பந்தப்பட்டவை. இதில் முடிவு டாக்டர்கள் கையில். வெளி மருத்துவர்கள் சரி என்றாலும், கம்பெனியின் மருத்துவ இயக்குநர் ஜோசப் மரூன் சரி என்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 20 அன்று அந்த அனுமதி வந்தது. மூன்று வாரத்துக்குள் ரெசில்மேனியா 34. ஊர் அதே நியூ ஆர்லியன்ஸ், அரங்கமும் அதே சூப்பர்டோம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அந்த மேட்சை என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு முறை விழும்போதும் தலை எங்கே படுகிறது என்றே கண் போனது.

2021இல் போட்டி கம்பெனியான ஏஇடபிள்யூவுக்குப் போனார். 2024 ஆகஸ்ட் 25, லண்டன் வெம்பிளி: தோற்றால் ரெஸ்லிங் வாழ்க்கையே முடிந்தது என்ற நிபந்தனையோடு இறங்கி, ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லண்டைத் தோற்கடித்து சாம்பியன் ஆனார். அக்டோபர் 12, டகோமாவில் ஜான் மாக்ஸ்லியிடம் பெல்ட் போனது. கழுத்து மறுபடி தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. மகளுக்கு ஏழு வயதானதும் முழுநேர ரெஸ்லிங்கை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருப்பதாகவும் அவரே சொல்லியிருந்தார். அந்த வயது அந்த வருடம்தான் வந்தது.

[டகோமா அரங்கின் வெளித்தோற்றம்]

சரி, திரும்பி வருவாரா? "முழுநேர" என்றுதானே சொன்னார் என்று என் மனசு ஓட்டை தேடுகிறது. ஒரே ஒரு மேட்ச். பத்து நிமிஷம் போதும். சியாட்டிலிலேயே வைக்கட்டும். மேல் கயிற்றில் ஏற வேண்டாம், உதைத்தால் மட்டும் போதும். சரி, ஐந்து நிமிஷம்.